நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டைப் பசுமையாக்க முடியுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பொதுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர், தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மின்கட்டண முறையும் மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஸ்கூல்தானே? பிரின்சிபால்கிட்ட சொன்னா போதாதா?"

போதாது. மறுசுழற்சித் தொட்டியை எங்கே வைப்பது என்பது வரைக்கும்தான் பிரின்சிபால் கையில் இருக்கிறது. எந்த பாய்லர் வாங்குவது, எந்த பஸ் வாங்குவது, மதியச் சாப்பாடு எந்தத் தட்டில் வருவது எல்லாமே பள்ளி மாவட்ட அலுவலகத்தில் முடிவாகிறது. நாடு முழுக்க ஏறக்குறைய 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. சிலவற்றில் ஒன்றிரண்டு பள்ளிகள்தான், சிலவற்றில் நூற்றுக்கணக்கில்.

மாவட்டத்துக்கு மேலே இருப்பது பள்ளி வாரியம், அதன் உறுப்பினர்களைப் பெரும்பாலான ஊர்களில் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்துக்கு ஒப்புதல் தருவது அந்த வாரியம், நிர்வாகத்தை நடத்துவது சூப்பரின்டென்டென்ட். ஆனால் நீங்கள் முதலில் பழக வேண்டியவர் இந்த இரு தரப்பிலும் இல்லை. கட்டடங்களைக் கவனித்துக்கொள்ளும் ஃபெசிலிட்டீஸ் இயக்குநர்தான் அவர். எந்தப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது, எந்த ஏசி இன்னும் ரெண்டு கோடை தாங்காது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, வாரியக் கூட்ட நிரலில் 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒரு பகுதி வரும். சர்ச்சை இல்லாதவை என்று கருதப்படும் விஷயங்களை விவாதம் இல்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேற்றும் இடம் அது. பல லட்சம் டாலர் கொள்முதல்கள் அப்படித்தான் சத்தமில்லாமல் போய்விடும். நிரல் முன்கூட்டியே வெளியாகும், அந்தப் பகுதியைப் படிக்கிற பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

"நான் எச்1பி-ல இருக்கேன். மீட்டிங்ல போய்ப் பேசலாமா? பிரச்சினை வராதே?"

பேசலாம். பொதுமக்கள் பேசுவதற்கென்று ஒதுக்கும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். பெயரும் முகவரியும் கேட்கலாம், விசா கேட்க மாட்டார்கள். பெற்றோர் ஆலோசனைக் குழுக்களில் சேருவதற்கும் பொதுவாகக் குடியுரிமை தேவையில்லை.

ஓட்டுப் போடுவது மட்டும் வேறு கதை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்கள் வாக்களித்து, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று கொண்டுவந்தார்கள். அது விதிவிலக்கு. மற்ற இடங்களில் யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாமல் செய்தாலும் குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும்.

"சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? ஸ்கூல்ல ஒரு தோட்டம் போடலாம்னு இருக்கோம்."

போடுங்கள், பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அதை மாவட்டத்தின் பசுமைத் திட்டம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஜூன், ஜூலையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்துபோகும் தோட்டங்களே அதிகம். சுவரொட்டிப் போட்டி, எர்த் டே கொண்டாட்டம் இவற்றுக்கும் இதேதான் என் கருத்து.

ஒரு மாவட்டத்தின் கார்பன் கணக்கில் பெரிய பங்கு கட்டடங்களுக்கான மின்சாரம், எரிவாயு, பிறகு பஸ், பிறகு சாப்பாடு. இவை எதுவும் படத்தில் அழகாக விழாது. ஆரம்பிக்க வேண்டிய இடம் கரன்ட் பில்.

"கரன்ட் பில்லை நமக்கெல்லாம் காட்டுவாங்களா?"

பொதுப் பணத்தில் கட்டும் பில் என்பதால் அது பொது ஆவணம்தான். சட்டப்படி மனுப் போட்டே வாங்கலாம், ஆனால் எடுத்த எடுப்பிலேயே மனுவோடு போனால் எதிராளியாகிவிடுவீர்கள். ஃபெசிலிட்டீஸ் இயக்குநருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு, "ஒவ்வொரு கட்டடத்துக்கும் கடைசி மூன்று வருடப் பயன்பாடு கிடைக்குமா, அட்டவணை போட்டுத் தருகிறோம்" என்று கேளுங்கள். பல இடங்களில் அவருக்கே அந்தக் கணக்கைப் போட ஆள் இருக்காது.

கிடைத்ததை, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ இலவசமாகத் தரும் 'எனர்ஜி ஸ்டார் போர்ட்ஃபோலியோ மேனேஜர்' என்ற இணையக் கருவியில் ஏற்றலாம். கட்டடத்தின் பரப்பளவு, ஊரின் வானிலை, பள்ளி எத்தனை மணி நேரம் இயங்குகிறது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து 1 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 50 என்றால் நாட்டில் நடுத்தரம், 75 அல்லது அதற்கு மேல் என்றால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பத்துப் பள்ளிகளை இப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், ஒரே வயதுள்ள இரண்டு கட்டடங்களில் ஒன்று 80-ம் இன்னொன்று 25-ம் வாங்கியிருந்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

"பில்லைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. டிமாண்ட் சார்ஜ்னு ஒண்ணு போட்டிருக்கான், அது என்ன?"

வீட்டில் நாம் பெரும்பாலும் எத்தனை யூனிட் செலவழித்தோமோ அதற்குத்தான் கட்டுகிறோம். பள்ளி மாதிரி பெரிய கட்டடத்துக்கு இரண்டாவது கட்டணம் ஒன்று உண்டு. அந்த மாதத்தில் ஏதோ ஒரு 15 நிமிடத்தில் (சில ஊர்களில் 30 நிமிடம்) அதிகபட்சமாக எத்தனை கிலோவாட் இழுத்தீர்கள் என்பதற்கான கட்டணம் அது. மாதம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே ஒரு காலையில் உச்சம் தொட்டால், அந்த உச்சத்துக்குத்தான் பில்.

இது எங்கே வந்து கடிக்கும் தெரியுமா? திங்கட்கிழமை காலை 6 மணிக்கு, வாரக் கடைசியில் சூடேறிக் கிடந்த கட்டடத்தின் கூரை மேல் உள்ள ஏசி யூனிட்கள் அத்தனையும் ஒரே நிமிடத்தில் ஓட ஆரம்பிக்கும்போது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு, கொஞ்சம் முன்னதாகவே தொடங்கினால் உச்சம் இறங்கும். அட்டவணையில் சில எண்களை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

மின் நிறுவனத்திடம் 15 நிமிட வாரியான தரவும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, புதன்கிழமை மதியம் 200 கிலோவாட் இழுக்கும் பள்ளி, யாருமே இல்லாத சனி அதிகாலையில் 110 இழுத்தால் யாரோ எதையோ அணைக்கவில்லை. சமையலறைக் குளிர் அறைகளும் சர்வரும் மட்டும் அவ்வளவு சாப்பிடாது.

"காசே செலவு பண்ணாம என்ன செய்யலாம்? பட்ஜெட் இல்லைன்னு முதல் வார்த்தையா சொல்றாங்க."

நிறையவே செய்யலாம். பெரும்பாலான பள்ளிகளில் ஏசியையும் ஹீட்டரையும் கணினி வழியாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதில் விடுமுறை நாட்கள் ஏற்றப்பட்டிருக்காது. நன்றி நவிலல் வாரத்தில் காலிக் கட்டடம் 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுகமாக இருக்கும். எப்போதோ ஒரு சனிக்கிழமை கூடைப்பந்துப் போட்டிக்காக ஜிம்மில் அட்டவணையை மீறி ஓடும்படி ஓவர்ரைடு போட்டிருப்பார்கள், எடுக்க மறந்திருப்பார்கள், அது மாதக்கணக்கில் அப்படியே ஓடும்.

கோடைப் பள்ளியை ஐந்து கட்டடங்களில் சிதறவிடாமல் ஒன்றிரண்டில் சேர்ப்பது, கோடையில் காலியான சமையலறைக் குளிர் அறைகளை அணைத்துவிட்டு இருப்பை ஒரே இடத்துக்கு மாற்றுவது, வெள்ளி மாலையும் திங்கள் காலையும் தண்ணீர் மீட்டரைப் படித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, பள்ளி வாசலில் பஸ்ஸும் காரும் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதைத் தடுப்பது என்று பட்டியல் நீளும்.

இதில் கட்டடத்தைச் சுத்தம் செய்து பராமரிக்கும் கஸ்டோடியனை விட்டுவிடாதீர்கள். கட்டடத்தை ராத்திரி கடைசியாகப் பூட்டிக்கொண்டு போகிறவர் அவர். எந்த விளக்கு சுவிட்சே இல்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது, எந்த ஹாலில் ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகின்றன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

"டீச்சர்ஸ் ரூமுக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ், காலுக்கடியில ஹீட்டர்னு வெச்சிருக்காங்க. அதை முதல்ல தடுக்கணும் இல்லையா?"

ஒரு கையடக்க ஹீட்டர் 1,500 வாட் இழுக்கும், உண்மைதான். ஆனால் அங்கே கை வைத்தால் ஆசிரியர்கள் அத்தனை பேரும் உங்கள் திட்டத்துக்கு எதிராகிவிடுவார்கள், மிச்சமாவதோ சொற்பம். அந்த ஹீட்டரை வேறு மாதிரி பயன்படுத்துங்கள். எந்தெந்த வகுப்பில் ஹீட்டர் இருக்கிறது என்று குறித்தால் கட்டடத்தின் எந்தப் பக்கம் ஒழுங்காகச் சூடாவதில்லை என்ற வரைபடம் கையில் கிடைத்துவிடும். குறையைச் சரிசெய்தால் ஹீட்டரை அவர்களே எடுத்துவிடுவார்கள்.

"எல்லா லைட்டையும் எல்இடி ஆக்கிட்டா போதுமா?"

போதாது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பழைய குழல் விளக்கு 32 வாட் என்றால் அதற்கு ஈடான எல்இடி அதில் பாதிகூட எடுக்காது, ஏணி போட்டு ஏறி மாற்றும் வேலையும் குறையும். பல மாநிலங்களில் மின் நிறுவனமே தள்ளுபடி தருகிறது.

1979-க்கு முன் கட்டி, அதன் பிறகு விளக்குகளை மாற்றாத பள்ளி என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் குழல் விளக்குகளின் பாலஸ்ட்டில் (விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பிசிபி என்ற நச்சு இரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. அது ஒழுகினால் வகுப்பறைக் காற்றில் கலக்கும். அங்கே விளக்கை மாற்றுவது மின் சிக்கனத்தைவிட உடல்நலக் காரணத்துக்காகவே அவசரம். கழற்றியதை அபாயக் கழிவாகத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

"பாய்லர், ஏசி எல்லாம் பழசு. ஹீட் பம்ப் போடச் சொன்னா, இப்ப ஓடறது ஓடட்டும்னு சொல்றாங்க."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நன்றாக ஓடும் இயந்திரத்தைப் பாதி வயதில் தூக்கிப்போட எந்த வாரியமும் ஒப்பாது. ஆனால் சிக்கல் வேறிடத்தில். பாய்லர் ஜனவரியில் செத்துப்போனால் மூன்று நாளில் மாற்றியாக வேண்டும். அந்த அவசரத்தில் எது கையில் கிடைக்குமோ, எது பழைய குழாயில் அப்படியே பொருந்துமோ அதையே வாங்குவார்கள். அடுத்த 25 வருடம் அதே கதை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 41 சதவீத மாவட்டங்கள் தங்கள் பள்ளிகளில் பாதிக்காவது ஏசி, ஹீட்டர், காற்றோட்ட அமைப்பை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டிய நிலையில் இருந்தன. அதாவது சாகப்போகும் இயந்திரங்கள் நிறைய.

அதனால் ஓடுவதை மாற்றச் சொல்லிப் போராடுவதைவிட, "இது செத்தால் எதை வாங்குவீர்கள்?" என்பதற்கு இப்போதே பதில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தர முடிகிறது. குளிர் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவதற்குப் பதில் பூமிக்கடியில் குழாய் இறக்கினால் இன்னும் சீராக ஓடும். விளையாட்டு மைதானத்துக்கு அடியிலேயே இறக்கலாம் என்பதால் பள்ளிகளுக்குத் தோதான ஏற்பாடு.

கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீன் அருகே 2010-ல் திறந்த ரிச்சர்ட்ஸ்வில் தொடக்கப் பள்ளி இப்படித்தான் நிலத்தடிக் குழாய், நல்ல காப்புச் சுவர், சோலார் எல்லாம் சேர்த்து, ஒரு வருடத்தில் செலவழிக்கும் அளவு மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யும்படி கட்டப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்தது சமையலறை. எண்ணெயில் பொரிக்கும் இயந்திரத்தை எடுத்துவிட்டு நீராவியும் சூடான காற்றும் சேர்ந்த அடுப்பு வைத்தார்கள். அதனால் அடுப்புக்கு மேல் பெரிய புகைபோக்கி விசிறி ஓடத் தேவையில்லாமல் போய், கட்டடத்தின் குளிர்ந்த காற்று வெளியே போவதும் மிச்சமானது.

"மின்சாரம் மிச்சம் பிடிக்கறேன்னு வெளிக்காத்தை அடைச்சுட்டா? கோவிட்ல படிச்ச பாடம் என்னாச்சு?"

சரியான பயம். வெளிக்காற்று வரும் டேம்ப்பர் என்ற தடுப்பை மூடினால் பில் குறையும், வகுப்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அப்படி மிச்சம் பிடிக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும் எதிர்த்துப் பேசுங்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையோ வெப்பத்தையோ உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் சாதனங்கள் உண்டு. ஆள் இருக்கும்போது மட்டும் முழுக் காற்று விடும் உணரிகளும் உண்டு. நீங்கள் செய்யக்கூடியது: வகுப்பில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மானியை வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைக் கேட்பது. பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 1,000 பிபிஎம் சுற்றுவட்டத்தில் நின்றால் பரவாயில்லை, 2,000-ஐத் தாண்டினால் கேள்வி கேட்கலாம்.

"கூரை முழுக்க சோலார் போட்டுட்டா பில்லே வராதுன்னு ஒருத்தர் சொல்றார். நிஜமா?"

கூரையின் வயதைக் கேளுங்கள் முதலில். இன்னும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டிய கூரையில் பேனல் போட்டால், அப்போது அத்தனையும் கழற்றி மறுபடி மாட்டும் செலவு திட்டத்தையே விழுங்கிவிடும். இரண்டாவது, பள்ளி காலியாக இருக்கும் ஜூன், ஜூலையில்தான் வெயில் அதிகம். அந்த மின்சாரத்தை மின் நிறுவனம் என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்தே கணக்கு. சில மாநிலங்களில் நல்ல விலை, சிலவற்றில் அடிமாட்டு விலை.

மூன்றாவது, மேலே சொன்ன வேலைகளை முதலில் முடியுங்கள். வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தேவையைவிடப் பெரிய சோலார் வாங்க நேரும். டிமாண்ட் சார்ஜும் சோலாரால் மட்டும் பெரிதாகக் குறையாது, ஒரு மேகமூட்டமான மதியம் போதும் உச்சம் பழையபடி ஏற.

"ஸ்கூல்தான் வரியே கட்டறதில்லையே, சோலார் வரிச்சலுகை எப்படிக் கிடைக்கும்?"

2022-ல் வந்த இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் சட்டம் இதைத்தான் மாற்றியது. வரி கட்டாத பொது அமைப்புகளுக்கும் சலுகைத் தொகையை அரசு நேரடியாகப் பணமாகத் தரும் என்றது, சில நிபந்தனைகளோடு பெரும்பாலும் செலவில் 30 சதவீதம்.

ஜூலை 2025-ல் வந்த புதிய சட்டம் சோலாருக்கான வாசலைச் சுருக்கியது. 2026 ஜூலை 4-க்குள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், அதற்குப் பின் தொடங்கினால் 2027 முடிவதற்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிலத்தடி ஹீட் பம்ப்புக்கான சலுகை அதைவிட நீண்ட காலத்துக்குத் தொடர்கிறது. பாகங்கள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்ற விதிகளும் சேர்ந்திருப்பதால், இந்தக் கணக்கை மாவட்டத்தின் வரி ஆலோசகரை வைத்துத்தான் போட வேண்டும். விற்பனையாளர் காட்டும் ஸ்லைடை நம்பி அல்ல.

"ஒரு கம்பெனி இலவசமாப் போட்டுத் தர்றேன்னு வந்திருக்கு. நம்பலாமா?"

பேனல் அவர்களுடையது, கூரை நம்முடையது, வரும் மின்சாரத்தை 20, 25 வருடத்துக்குக் குறிப்பிட்ட விலைக்கு நாம் வாங்கிக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தம் இது. பிபிஏ என்பார்கள். மோசடி இல்லை, கையில் முதல் இல்லாத மாவட்டத்துக்கு நல்ல வழிதான். சில மாநிலங்களில் இதற்கு அனுமதியே இல்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று, விலை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பது. மின் நிறுவனத்தின் விலையைவிட வேகமாக இது ஏறினால் பத்தாவது வருடத்தில் இலவசம் கசக்கும். இரண்டு, 'ரெக்' எனப்படும் பசுமை மின்சாரச் சான்றுகள் யாருக்குச் சொந்தம் என்பது. பெரும்பாலும் கம்பெனி அவற்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது விற்றுவிடும். அப்படியானால் கூரையில் பேனல் இருந்தாலும், "எங்கள் பள்ளி சூரிய சக்தியில் ஓடுகிறது" என்று மாவட்டம் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த உரிமையை வாங்கியவர் வேறு ஒருவர்.

"சோலார் இருந்தா கரன்ட் போனாலும் ஸ்கூல் ஓடுமா?"

ஓடாது. மின்கம்பியில் வேலை செய்யும் ஆட்களின் பாதுகாப்புக்காக, கரன்ட் போனதும் சாதாரண சோலார் அமைப்பு தானாக நின்றுவிடும். பேட்டரியும் தனித்து இயங்கும் இன்வெர்ட்டரும் சேர்த்தால்தான் ஓடும். புயல் காலத்தில் தங்கும் முகாமாகும் பள்ளிக்கு மட்டும் அந்தக் கூடுதல் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

"எலெக்ட்ரிக் பஸ் வாங்கச் சொல்லலாமா? விலை மூணு மடங்காமே?"

நாட்டில் கிட்டத்தட்ட 4.8 லட்சம் பள்ளிப் பேருந்துகள் ஓடுகின்றன, மிகப் பெரும்பாலானவை டீசல். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. பிள்ளைகள் தினமும் அதற்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஆக, காரணம் கார்பன் மட்டும் இல்லை.

விலை அந்த அளவுதான், ஏறத்தாழ மூன்று மடங்கு. 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்து வருடத்துக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது அதனால்தான். மானியம் இல்லாமல் இப்போதைக்குக் கணக்கு சரிவராது, அதை ஒளிக்க வேண்டாம்.

பஸ்ஸைவிடத் தலைவலி சார்ஜர். பத்து பஸ் ஒரே இரவில் சார்ஜ் ஏற டிப்போவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படலாம், மின் நிறுவனம் அதைத் தர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். பஸ் வந்து நிற்கும், செருகப் பிளக் இருக்காது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி 2021-ல் 326 எலெக்ட்ரிக் பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போட்டு நாடு முழுக்கப் பேசப்பட்டது. பஸ்கள் வந்து சேர்வதில் ஏற்பட்ட தாமதமும் அதே அளவுக்குப் பேசப்பட்டது. அதனால் முதல் தொலைபேசி அழைப்பு மின் நிறுவனத்துக்கு, இரண்டாவது பஸ் கம்பெனிக்கு.

பழைய டீசல் பஸ்ஸாகவே இருந்தாலும், ஐம்பது பிள்ளைகள் ஏறிய பஸ் வாசலில் நிற்கும் ஐம்பது காரைவிட மேல். மாலை 3 மணிக்கு வரிசையில் நிற்கும் நம் கார்களையும் கொஞ்சம் பார்ப்போம்.

"மினசோட்டா குளிர்ல எலெக்ட்ரிக் பஸ் ஓடுமா?"

ஓடும், ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் கண்கூடாகக் குறையும். பிளக்கில் இருக்கும்போதே பஸ்ஸை உள்ளே சூடாக்கிக்கொள்வதும், குறுகிய வழித்தடங்களை முதலில் மாற்றுவதும் வழக்கம். சில பஸ்களில் உள்ளே சூடேற்ற மட்டும் சின்ன எரிபொருள் ஹீட்டர் இருக்கும். காலையில் ஓடி, மதியம் நின்று, மாலையில் ஓடும் வண்டி என்பதால் நடுவில் சார்ஜ் ஏற்றவும் நேரம் உண்டு.

"எங்க பையன் பால் குடிக்க மாட்டான். ஆனா லஞ்ச் வரிசையில எடுத்தே ஆகணும்னு சொல்றாங்களாம், அப்படியே குப்பையில போடறான்."

மத்திய அரசின் மதிய உணவு விதிப்படி பள்ளி பாலைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பிள்ளை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, 'ஆஃபர் வெர்சஸ் சர்வ்' என்ற முறை அந்தப் பள்ளியில் இருந்தால். ஐந்து வகையில் மூன்றை எடுத்தால் போதும், அதில் ஒன்று அரைக் கோப்பைப் பழமோ காய்கறியோ. உயர்நிலைப் பள்ளியில் மதிய உணவுக்கு இந்த முறை கட்டாயம், கீழ் வகுப்புகளில் மாவட்டத்தின் விருப்பம். உங்கள் மாவட்டம் விரும்பவில்லை என்றால், விரும்பச் சொல்லிக் கேட்கலாம். விதி தெரியாத புது ஊழியர் எல்லோரையும் எடுக்கச் சொல்வதும் நடக்கும்.

திறக்காத பாலையும் தொடாத ஆப்பிளையும் வைக்க ஒரு பகிர்வு மேசை போடலாம், பசிக்கும் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சுகாதாரத் துறை ஒப்புதல் வேண்டும், பெரும்பாலும் கிடைக்கும். அப்புறம் சாப்பாட்டு நேரம். வரிசையில் நின்று தட்டோடு உட்காரவே பத்து நிமிடம் போய்விட்டால் பிள்ளை எதைச் சாப்பிடும்? விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினாலே தட்டில் மிஞ்சுவது குறைகிறது. இபிஏ 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நகரக் குப்பைமேடுகளிலிருந்து காற்றில் தப்பும் மீத்தேனில் 58 சதவீதம் உணவுக் கழிவால் வருவது. மிச்சத்தை உரமாக்குவதைவிட மிஞ்சாமல் பார்ப்பதே முதல் வேலை.

"தெர்மோகோல் தட்டுக்குப் பதிலா கம்போஸ்ட் ஆகற தட்டு வாங்கச் சொல்லலாம் இல்ல?"

அந்தத் தட்டு எங்கே போகிறது என்று கேட்ட பிறகு சொல்லுங்கள். அதை எடுத்து உரமாக்கும் நிலையம் ஊரில் இல்லாவிட்டால் அதுவும் குப்பைமேட்டுக்குத்தான் போகும், காசும் அதிகம். எண்ணெய் ஒட்டாமல் இருக்க அந்தத் தட்டுகளில் பிஎஃப்ஏஎஸ் என்ற எளிதில் சிதையாத இரசாயனம் சேர்த்த காலம் உண்டு, 'சேர்க்கப்படவில்லை' என்று எழுத்தில் வாங்குங்கள்.

விலையைக் குறைக்கப் பெரிய மாவட்டங்கள் ஒரு வழி கண்டன. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ உள்ளிட்டவை சேர்ந்த பள்ளி உணவுக் கூட்டணி ஒன்று, மொத்தமாகப் பேரம் பேசி 2015-ல் உரமாகும் வட்டத் தட்டுக்கு மாறியது. சின்ன மாவட்டங்களும் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து வாங்கலாம். கழுவும் இயந்திரமும் ஆளும் இருக்கிற பள்ளியில் கழுவிப் பயன்படுத்தும் தட்டே என் ஓட்டு.

தொட்டி வைக்கும்போது ஒரு சின்ன விஷயம்: முதலில் மீதிப் பாலை ஊற்ற ஒரு வாளி, அடுத்து உணவுக் கழிவு, அடுத்து மறுசுழற்சி, கடைசியில் குப்பை, பக்கத்தில் தட்டை அடுக்க ஒரு மேசை. வாளி இல்லாவிட்டால் பால் எல்லாவற்றிலும் கலந்து மறுசுழற்சித் தொட்டியும் குப்பையாகிவிடும், பையைத் தூக்கும் கஸ்டோடியன் கால் மேல் வழியும். அவர் இரண்டு நாளில் திட்டத்தை நிறுத்திவிடுவார், நான் அவர் பக்கம்தான்.

"குரோம்புக்கை நாலு வருஷத்துல தூக்கிப் போடறாங்களே?"

குரோம்புக் மடிக்கணினிகளுக்கான தானியங்கி மென்பொருள் புதுப்பிப்புக் காலத்தைக் கூகுள் 2023-ல் பத்து வருடமாக நீட்டித்தது. அது அந்த மாடல் வெளியான தேதியிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாடலை வாங்கினால் ஆயுளில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். கொள்முதலின்போது அந்தத் தேதியையும், விசைப்பலகை, திரை மாற்றுப் பாகங்கள் கிடைக்குமா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

"எங்க ஊர்ல கிளைமேட்னு சொன்னாலே சண்டைக்கு வர்றாங்க. எப்படிப் பேசறது?"

அந்தச் சொல்லை விட்டுவிட்டே பேசலாம். பில், கூரை, வகுப்பறைக் காற்று, பஸ் புகை, ஆசிரியர் சம்பளம். ஆர்கன்சாவின் பேட்ஸ்வில் பள்ளி மாவட்டம் 2017-ல் ஆற்றல் தணிக்கை செய்து, விளக்கு, ஏசி எல்லாம் சரிசெய்து, சும்மா கிடந்த நிலத்திலும் பள்ளி வளாகத்திலும் ஏறக்குறைய 1,500 சோலார் பேனல் போட்டது. மிச்சமான பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பள உயர்வுக்குப் போனது. அது பழமைவாத மாநிலம்தான். அங்கே பேச்சு முழுக்க ஆசிரியர்கள் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடாமல் தடுப்பது பற்றித்தான்.

"ஆனா பாண்டு பணத்தைச் சம்பளத்துக்குத் தர முடியாதுன்னு சொல்றாங்களே?"

இரண்டு உண்டியல் இருக்கின்றன. கட்டடம், இயந்திரத்துக்கென்று மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதிக்கும் பாண்டு ஒன்று, அதைச் சம்பளத்துக்குத் தொட முடியாது. கரன்ட் பில்லும் சம்பளமும் போவது அன்றாடச் செலவு உண்டியலிலிருந்து. பாண்டு பணத்தில் ஹீட் பம்ப் போட்டு பில் குறைந்தால், மிச்சம் விழுவது இரண்டாவதில். பேட்ஸ்வில் கதையின் சூட்சுமமும் மிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான்.

பாண்டு இல்லாத மாவட்டங்கள், மிச்சத்துக்கு உத்தரவாதம் தரும் ஆற்றல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதுண்டு. அதில் மிச்சத்தை வருடாவருடம் மீட்டரில் அளக்கிறார்களா, அல்லது 'இவ்வளவு மிச்சமாகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது' என்று காகிதத்திலேயே முடித்துவிடுகிறார்களா என்று பாருங்கள். பின்னது என்றால் உத்தரவாதம் வெறும் பேச்சு.

"பசங்க போராடி போர்டுல தீர்மானமே போட வெச்சுட்டாங்க. ஒரு வருஷமாச்சு, ஒண்ணும் நகரலை."

தீர்மானங்கள் வீண் இல்லை. சால்ட் லேக் சிட்டி பள்ளி மாவட்டம் 2020-ல் தூய ஆற்றலுக்கு மாறுவதற்குக் காலக்கெடுவோடு தீர்மானம் போட்டது, டென்வர் 2022-ல் பருவநிலைக் கொள்கை ஏற்றது. இரண்டிலும் மாணவர்களின் அழுத்தம் இருந்தது. ஆனால் அந்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள், சூப்பரின்டென்டென்ட் மாறிவிடுவார், வாரியமும் மாறும்.

உங்கள் தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? எந்த வருடத்துப் பயன்பாட்டோடு ஒப்பிடுவது என்று இருக்கிறதா? எந்த மாதக் கூட்டத்தில் வருடாந்திர அறிக்கை வரும் என்று? இல்லாவிட்டால் அந்த மூன்றையும் சேர்க்கத் திருத்தம் கேளுங்கள். கொஞ்சம் பெரிய மாவட்டமாக இருந்தால் ஆற்றல் மேலாளர் என்று ஒரு பணியிடம் கேட்கலாம். கரன்ட் பில்லில் அவர் மிச்சம் பிடிப்பதே பெரும்பாலும் அவர் சம்பளத்தைக் கட்டிவிடும்.

அதோடு, அடுத்த ஐந்து வருடத்தில் மாற்றப்போகும் கூரை, பாய்லர், ஏசி, பஸ் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மூலதனத் திட்டம் என்ற பெயரில் அது எங்காவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செத்தால் எதை வாங்குவது என்ற விவரக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருக்கும் வரிகளில் எது முதலில் காலாவதி ஆகிறதோ, உங்கள் மூன்று நிமிடத்தை அதற்குச் செலவழியுங்கள்.